நேரளஹள்ளிக்கு வழி கேட்டவன்

அவன் தலையைச் சிலுப்பியிருக்க வேண்டாம்...

மழைக்குப் பயந்து ஓசூர் தபால் நிலையத்துக்குள் ஓடி வந்தவன், கவுண்டருக்கு நேர் எதிரில் நின்று ஒரு சிலுப்பு சிலுப்பினான். அத்தனை துளியும் சுப்ரியா விரித்து வைத்திருந்த தபால்தலைத் தாளின் மேல் விழுந்தது.

"என்ன சார் இது... எல்லாம் ஒட்டிப் போச்சு பாருங்க. இத யார்ட்ட விக்கதுக்கு?"

"சாரிங்க... நானே வாங்கிக்கறேன்."

"இத்தன லெட்டர் யாருக்குப் போடப் போறீங்க?"

"யாராச்சும் இருந்தா போடலாம்..."

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டுக்கொண்டான். சுப்ரியா முறைத்தாள். முறைத்த கண்களைத் திருப்பத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நனைந்து ஒட்டிய இமைகள்... அவற்றுக்குக் கீழே, பஸ் மாறி ஏறிவிட்டவனைப் போல விழிக்கும் இரண்டு கண்கள்.

அவன் பெயர் சிவராஜ். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக் குடும்பம். கிருஷ்ணகிரியில் கல்லூரிப் படிப்பு, வரலாற்றில் ஆராய்ச்சி. எல்லையோரத்தில் காணாமல் போன ஊர்களைப் பழைய தபால் பதிவேடுகளை வைத்துத் தேடுகிறானாம். மேலிடத்து அனுமதிக் கடிதம் அவன் பைக்குள் நனையாமல் இருந்தது.

போஸ்ட் மாஸ்டர் ராஜப்பன் அதைப் படித்துவிட்டு, "சுப்ரியா, மூடின கிளை ஆபீசுக் கட்டெல்லாம் பின் ரூம்ல கெடக்குது. சனிக்கெழம மத்தியானம் கூட இருந்து காட்டும்மா" என்றார்.

சுப்ரியா கோவில்பட்டிப் பெண். அப்பா கந்தன் தொழிற்சாலை வேலைக்காகக் குடும்பத்தோடு வந்து, மூக்கண்டப்பள்ளியில் கடன் வாங்கி வீடு கட்டியவர். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதி அவளுக்கு இன்னும் வாயில் நுழையாது.

சனிக்கிழமைகள் தூசியும் தும்மலுமாகப் போயின. ஒரு பதிவேட்டுக் கட்டுக்குள் நேரளஹள்ளி என்று ஓர் ஊர். இன்னொன்றில் நேரேடுபல்லி. மூன்றாவதில் நாவல்பட்டி. மூன்றுக்குமே எழுபதுகளின் தொடக்கத்தோடு தபால் நின்றுபோயிருந்தது. எந்த வரைபடத்திலும் மூன்றும் இல்லை.

"பாகலூர்ல கேட்டா கர்நாடகாவுக்குக் கை காட்றாங்க. வேப்பனப்பள்ளில கேட்டா ஆந்திராவுக்குக் கை காட்றாங்க..." என்றான் சிவராஜ்.

"அப்ப தமிழ்நாட்டுல யார்ட்ட கேக்கணுமாம்?"

"தபாலாபீசு மேடத்தக் கேளுங்கன்றாங்க."

அவள் சிரிப்பை அடக்கத் தும்முவது போல நடித்தாள். ஏன் நடித்தோம் என்று பிறகு யோசித்தாள். புரியவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் கண்ணாடி முன் கூடுதலாக நிற்பது ஏன் என்பதும்தான்...

ஒருநாள் மழைக்காக வாசலில் இருவரும் ஒதுங்கி நின்றார்கள். அங்கே கூடையோடு உட்கார்ந்திருந்த பழக்காரி சம்பங்கி, ஆளுக்கு ஏற்ற மாதிரி தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மாற்றிக் கூவிக்கொண்டிருந்தாள்.

"நாவப்பழம் சார்... நேரளெ ஹண்ணு, பன்னி... நேரேடு பண்டு, ரண்டம்மா..."

சுப்ரியா அவனைப் பார்த்தாள். அவன் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"மூணும் ஒரே ஊருங்க..."

"மூணு பாஷை தெரியும்னு பீத்திக்கிட்டீங்களே?"

"ஊர்ப் பேருன்னா அர்த்தம் யாருங்க யோசிக்கிறாங்க? எங்கம்மாவே தெனம் சொல்ற பேருதான்..."

"உங்கம்மாவா?"

அவன் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கையில் உருட்டினான். "நேரளஹள்ளி எங்கம்மா பொறந்த ஊரு. ஃபாக்டரிக்கு நெலம் எடுத்தப்ப எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டாங்க. அம்மா அப்ப சின்னப் புள்ள. ஓசூர் பக்கம்னு மட்டும்தான் தெரியும்."

மூன்று பெயரையும் ஒன்றாக வைத்துப் படித்தபோது வழி துலங்கியது. தபால்காரர் நடந்த வரிசை... மூக்கண்டப்பள்ளி தாண்டி, ஓடைக்குக் கிழக்கே, யானை மாதிரி ஒரு பாறை, பாறையை ஒட்டி ஊர்.

சுப்ரியாவின் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது.

"அந்தப் பாற... எங்க தெருமொனைல இருக்கு."

அன்று மாலை வீட்டில் அவள் சொன்னதும் கந்தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எடத்தக் கேட்டு வாரானா? இன்னும் கடன் தீரலம்மா... அவங்கூடப் பேச்சு வேண்டாம்."

"அப்படிப்பட்ட ஆளில்லப்பா..."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியும்... அவன் இத்தனை வாரம் பார்த்தது தன்னையா, தான் குடியிருக்கும் மண்ணையா? முதலிலேயே ஏன் அம்மாவின் ஊர் என்று சொல்லவில்லை? பாறை எங்கே என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம் யாருக்காக? ஒவ்வொரு கேள்வியும் இன்னொன்றைக் கூட்டி வந்தது.

அடுத்த சனிக்கிழமை தனக்குப் பதிலாக வேறு ஆளை விடும்படி ராஜப்பனிடம் சொன்னாள். ஆனால் திங்கட்கிழமை அவன் கவுண்டரில் வரிசையில் நின்றான். ஓர் இன்லேண்ட் கடிதம் வாங்கினான். அவள் நிமிரவில்லை. செவ்வாயும் வந்தான். புதனும் வந்தான். நீட்டிய கையை மட்டும் அவள் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன என்று நினைப்பாள்... அதற்குள் அடுத்த ஆள் முன்னால் வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அம்மா ருக்மணியை அழைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தான். கந்தன் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். பின்னால் அவர் மனைவி பவளம், அவளுக்குப் பின்னால் சுப்ரியா.

ருக்மணி சுற்றுமுற்றும் பார்த்தாள். மாடி வீடுகள், டிஷ் ஆன்டெனாக்கள், யூனிஃபார்ம் உலரும் கொடிகள். "இது இல்லப்பா... வேற எங்கயோ கூட்டினு வந்துட்ட" என்றாள் மகனிடம்.

பிறகு பாறையைப் பார்த்தாள். கிட்டப் போய்க் கையை வைத்தாள். அவள் தோள் உயரம்தான் இருந்தது.

"இதா... இவ்ளோதானா? ஏறவே முடியாதே எங்களால..."

கந்தன் தொண்டையைச் செருமினார். "எடத்துக்காகவா வந்தீங்க?"

"எடத்த வச்சிக்கினு நான் என்னாங்க பண்றது? எங்கூட வெளையாண்டாளே பார்வதி, அவங்கெல்லாம் எந்தப் பக்கம் போனாங்கன்னு தெரிஞ்சா போதும். கர்நாடகாவுல மாலூருக்கும் ஆந்திராவுல குப்பத்துக்கும் தபாலத் திருப்பி விட்டிருக்காங்களாம். இவன் தேடிக்கினு இருக்கான்." கொஞ்சம் தயங்கி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

கந்தன் கேட்டை விட்டு விலகினார். பவளம் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

கேட்டருகே இருவர் மட்டும் நின்றார்கள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, அம்மா ஊருன்னு?"

"ஆராய்ச்சின்னா கட்டத் தொறப்பீங்க. அம்மாவுக்குன்னா தொறப்பீங்களோ என்னவோன்னு... பயம். தப்புதாங்க."

"அதான் கண்டுபிடிச்சாச்சே. பின்ன எதுக்குத் தெனம் பஸ் ஏறி வாரீங்க?"

"இன்லேண்ட் வாங்க."

"கிருஷ்ணகிரில தபாலாபீசு இல்லையாக்கும்?"

"இருக்குது... அங்க கவுண்டர்ல மீச வச்ச சார் உக்காந்துகினு இருக்காரு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குதுங்க, சுப்ரியா. ஊரத் தேடித்தான் வந்தேன். எப்பலேர்ந்து உங்களப் பாக்க வர ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல..."

மாலை வெயில் அவன் கண்களில் விழுந்திருந்தது. அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

"எங்க ஊர்க்காரப் பையனுக்குத்தான் குடுப்பேன்னு அப்பா சொல்லிட்டே இருக்காரு..."

"நானும் இந்த ஊர்க்காரன்தாங்களே."

சுப்ரியா பாறையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம்; அவள் நின்றிருந்ததே அவன் அம்மாவின் ஊர்.

உள்ளேயிருந்து கந்தனின் குரல் கேட்டது. "சுப்ரியா, தம்பிய உள்ள வரச் சொல்லும்மா. காப்பி ஆறுது."

இருவரும் நகரவில்லை.

"அப்பாட்ட நீங்கதான் பேசணும்..." என்றாள் அவள், கேட்டின் கம்பியைப் பார்த்தபடி.

"என்னான்னு பேசறது?"

"எனக்கும் புடிச்சிருக்குன்னு..."