வெண்கலச் சக்கரம் ஊமையான காலை

காலை ஒன்பது மணி. காட்சியகத்தின் டர்பைன் கூடத்தைத் திறந்த வழிகாட்டிப் பெண், வழக்கம்போல் பழைய வெண்கலச் சக்கரத்தை விரலால் சுண்டினாள். கணீரென்று ஒலிக்க வேண்டியது 'டொக்' என்றது. யாரோ அசலைத் தூக்கிவிட்டு, வர்ணம் பூசிய இரும்பை மாட்டியிருந்தார்கள்.

கூடத்தின் சாவி இயக்குநர் அறையில் தொங்கும். அங்கே போய்வருகிறவர்கள் மூன்றே பேர்: இயக்குநர், அவள், தோட்டத்து நீரூற்றின் பம்ப் மெக்கானிக்.

"கடைசியா பூட்டினவ இவதான். கூட்டிட்டுப் போங்க" என்றார் இயக்குநர், விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம்.

"அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாது, சார்" என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டில் மிக்ஸி நின்றாலே மனைவியைக் கூப்பிடுகிற ரகம் அவர். அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லும்மா."

"தண்ணி சக்கரத்தைச் சுத்தினா டர்பைன், சார். சக்கரம் தண்ணியைத் தள்ளினா பம்ப். முதல்ல ஆத்துல மரச்சக்கரம். அப்புறம் உலோகத்துல, வளைஞ்ச தகடு வெச்சு, பெட்டிக்குள்ள அடைச்சாங்க. பின்னாடி நீராவி, அதுக்கும் பின்னாடி விமானத்துல சூடான காத்து." குரல் உடைந்தது. "திருடின்னு பேர் வந்துட்டா என்னை எந்தக் கூடத்துலயும் உள்ள விடமாட்டாங்க, சார்."

இன்ஸ்பெக்டருக்கு மனசு கனத்தது. பீடத்தில் சுழலும் திசையைக் காட்டும் சிவப்பு அம்புக்குறியையும், போலிச் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதைப் பக்கம் திருப்பி மாட்ட முடியுமா?"

"முடியாது. அச்சுல ஒரு பக்கம்தான் உட்காரும்" என்றார் இயக்குநர்.

நீரூற்றருகே பம்ப் பிரிந்து கிடந்தது. அதன் உறையிலும் ஓர் அம்புக்குறி. உள்ளே வளைந்த தகடுகள். இன்ஸ்பெக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சார், வேலை கத்துக்கப் போறீங்களா?" மெக்கானிக் சிரித்தார்.

"ஆமா. கூடத்துக்கு வந்து கத்துக்கொடுங்க."

சாவிக்கு அருகில் போகக்கூடிய மூவரும் சக்கரத்தின் முன் நின்றார்கள்.

"இந்தச் சக்கரத்துல வேலைப்பாடு எப்படி, மெக்கானிக்?"

"இரும்புதான். ஆனா தகடு வளைவு கச்சிதம்."

"நீ சொல்லும்மா. இரும்பா வெண்கலமாங்கறதை மற. வளைவை மட்டும் பாரு."

அவள் பார்த்தாள். "ஐயோ, தலைகீழா இருக்கு! தகட்டு நுனி அம்பு போற பக்கம் சாயணும். வெளியிலேர்ந்து வர்ற தண்ணி அதைத்தான் தள்ளும். இது பின்னால சாயுது." எல்லார் கண்ணும் காலையிலிருந்து உலோகத்தின் மேலேயே இருந்திருக்கிறது. இயக்குநரின் முகம் வெளுத்தது.

"பம்ப்புல அப்படித்தான் சாயும்" என்றார் இன்ஸ்பெக்டர். "திருப்பி மாட்டின தப்பு இல்லை இது. செஞ்சவர் கையிலயே இருக்கிற தப்பு. இவங்க ரெண்டு பேரும் டர்பைனோட வாழறவங்க, இப்படிச் செய்யமாட்டாங்க. மெக்கானிக், அளவெல்லாம் சரியா எடுத்துட்டீங்க. வளைவை மட்டும் உங்க கை பழக்கதோஷத்துல பம்ப்பாக்கிடுச்சு. இப்பவும் அது கச்சிதம்னுதான் சொல்றீங்க."

மெக்கானிக் அவர்களை நீரூற்றுக்குக் கூட்டிப்போனார். வாங்க ஆள் வரும்வரை அசலை நீரூற்றின் பம்ப் குழியில் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

அசல் சக்கரம் மீண்டும் பீடமேறியதும் இயக்குநர் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் சுண்டினாள். கணீரென்ற ஒலி முழுதாக அடங்கும்வரை அவரைப் பேச விடவில்லை.