மோந்து பார்க்கட்டும்

கரிச்சான், நாய்க்குட்டியை மோந்து பார்க்கவில்லை.

பொன்னம்மாள் அத்தை சொல்லிக்கொடுத்தபடிதான் தமிழ்மொழி எல்லாம் செய்தாள். குட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுவந்தாள். வேலியோரமாக இரண்டையும் பத்தடி நடக்க வைத்தாள். பிறகு பெரிய நாயின் கயிற்றைத் தளர்த்தினாள். பிறந்து இரண்டு மாதமே ஆன குட்டி, சோளம், பயத்தில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. கரிச்சான் அதைத் தாண்டி வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"மொதல்ல மோந்து பாக்கட்டும்டி. மோந்துட்டா ஒட்டிக்கும். ஒரே தட்டுல சோறு மட்டும் வச்சிராத" என்றாள் அத்தை. ரோட்டில் வெங்காய மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. செட்டிகுளத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வண்டி. அங்கே அத்தையின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது.

"அப்பா திட்டுவாரு அத்த. இது வூட்டுப் பக்கமே வரக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

"சொல்லுவான் ஒங்கப்பன். ஒங்கக்கா ஓடிப்போனதுக்கு நாயி என்னடி பண்ணும்? மூணே நாளு வச்சுக்க. பேரன் பொறந்தா இது பேரையே வக்கிறேன், போ."

அத்தையை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. வெங்காய வாடை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

கரிச்சான், அக்கா மேகலா வளர்த்த நாய். போன தீபாவளி லீவுக்குத் தமிழ்மொழி அத்தை வீட்டில் இருந்தபோதுதான் அக்கா போய்விட்டாள். நம் ஆட்கள் இல்லாத ஒரு பையனோடு திருப்பூரில் இருக்கிறாள், யாரோ பார்த்தார்களாம் என்று அம்மா சொன்னாள். அந்த வாரமே நாயை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். "ஒருத்திய படிக்க வச்சதே போதும்" என்று அப்பா சொன்னதோடு பிளஸ் ஒன் பாதியில் தமிழ்மொழியின் பள்ளிக்கூடமும் நின்றது. வைகாசியில் ஒருநாள் சிமெண்டுப் பையில் வைத்துக் குட்டியைக் கொண்டுவந்தார். "சும்மாதானே இருக்க, வளத்துக்க." குட்டி இப்போது அவளுடைய யூனிபார்ம் துப்பட்டாமேல்தான் தூங்குகிறது.

அக்கா என்றைக்காவது போன் செய்வாள். அப்போது சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள் தமிழ்மொழி. எட்டு மாதமாகப் பாத்திரம் விளக்கும்போதெல்லாம் அதை உள்ளுக்குள் தீட்டிக்கொண்டிருந்தாள். நீ சந்தோசமா இரு, நான் சட்டி தேய்க்கிறேன். அழாமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எப்படி இருக்கேன்னு அக்கா கேட்பதற்குள் வைத்துவிட வேண்டும்.

கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது தூணில் கயிறு மட்டும் கிடந்தது.

நடு அறையின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அது அக்காவின் அறை. மக்காச்சோள மூட்டைகளை முட்டுக்கொடுத்து அம்மா எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். உள்ளே ஜன்னல் இல்லை. சாக்கு வாடை, எலிப் புழுக்கை வாடை, அதற்கும் அடியில் மழைக்காலத்து அம்மிக்கல்போல் குளிர்ந்த வேறொரு வாடை. மூலையில் கரிச்சான் தரையோடு கன்னத்தை ஒட்டிவைத்துப் படுத்திருந்தது. வால் மட்டும் மெதுவாகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதன் இடது காது உள்பக்கம் வெளியே தெரிய மடிந்திருந்தது.

அக்கா செய்கிற வேலை அது. நாய் பக்கத்தில் வந்தாலே அந்தக் காதைத் திருப்பிவிட்டு, "சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டான் பாரு" என்று சிரிப்பாள். தமிழ்மொழி குனிந்து காதை நிமிர்த்திவிட்டாள். காது சில்லென்று இருந்தது. கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்துவிட்டுத் திரும்பினாள்.

காது மறுபடியும் மடிந்திருந்தது.

நாய்க் காது அப்படித்தான் மடியும் என்று நினைத்துக்கொண்டாள். ரோட்டில் பள்ளிக்கூட பஸ் போயிற்று. பிள்ளைகளின் சத்தம் பெரிதாகிச் சிறிதாகித் தேய்ந்தது. அதற்கப்புறம் சர்... சர்... என்று ஒரு சத்தம். கரிச்சான் தரையைப் பிறாண்டத் தொடங்கியிருந்தது.

அந்தத் தரையை அப்பா புதிதாகப் போட்டார், அக்கா போன அதே வாரத்தில். "அவ கால் பட்ட தரையே இருக்கக் கூடாது" என்றாராம். கோபக்கார மனுசன் என்று தெருவே பேசியது. அப்பா ராசாங்கம் இந்தப் பக்கத்தில் பேர்போன கொத்தனார். ரெட்டிபாளையத்திலிருந்துகூட வந்து கூட்டிப்போவார்கள். அவர் போட்ட தரை வெடித்ததில்லை. இறுகுவதற்காக ஏழு நாள் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி வைக்காமல் எந்தத் தரையையும் விடமாட்டார். இந்த ஒன்றை மட்டும் போட்ட அன்றே அறையைச் சாத்திவிட்டார். ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. அத்தை வீட்டிலிருந்து திரும்பியதும் தமிழ்மொழி அதைக் கவனித்தாள். கேட்கவில்லை.

தண்ணீர் குடிக்காத சிமெண்டு, நகம் பட்ட இடமெல்லாம் சாம்பலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"கரிச்சான், வா. வாடா."

அது உறுமவும் இல்லை, நிமிரவும் இல்லை.

ஐந்து மணிக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். அடுக்களையில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. வெடிச் சத்தம் கேட்டாலே சோளம் அவள் மடிக்குத்தான் ஓடிவரும். இன்றைக்கு வரவில்லை. வாசற்படியில் நின்று அறைக்குள் பார்த்தது. மூக்கைத் தூக்கியது. தானாக நடந்து உள்ளே போனது. கரிச்சானுக்குப் பக்கத்தில் நின்று மோந்து பார்த்தது.

நாயை அல்ல. தரையை.

அதன் சின்ன வால் ஆடத் தொடங்கியது.

தமிழ்மொழி முட்டிபோட்டாள். பொடியை விரலால் விலக்கினாள். ஒரு விரிசல். விரிசலில் ஏதோ பச்சை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். துணி. ஓரத்தில் மினுங்கும் ஒற்றைச் சம்கி. அக்காவின் பச்சைத் துப்பட்டா. அதைப் போட்டுக்கொண்டுதான் போனாளாம். அம்மா எல்லாரிடமும் அடையாளம் சொல்லி அழுதாள்.

இழுத்தாள்.

வரவில்லை.

அடியில் கனமாக எதுவோ அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தமிழு."

அம்மா அறை வாசலில் நின்றாள். தூக்குவாளி கையில். அம்மா காத்தாயி சித்தாள் வேலைக்குப் போகிறவள். காலெல்லாம் வெள்ளைத் தூசி. முதலில் நாயைப் பார்த்தாள். பிறகு தரையை. பிறகு தமிழ்மொழியின் விரல்களை.

"யாரு இத கொண்டாந்து வுட்டது?"

"அத்த."

அம்மா கத்தவில்லை. கரிச்சானின் கழுத்தைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய் வெளியே விட்டு வாசற்கதவைச் சாத்தினாள். அது குரைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் படுக்கும் சத்தம் கேட்டது.

கொல்லையில் மீந்து கிடந்த சிமெண்டை அம்மா இரும்புச் சட்டியில் அள்ளிவந்தாள். மணல் போட்டாள். நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றினாள். கையாலேயே குழைத்தாள். கட்டி இல்லாமல், வேகமாக, இத்தனை வருடம் அப்பாவுக்குக் குழைத்துக் கொடுத்த அதே கையால். அப்பா தனியாகக் கலவை போட்டதே இல்லை. எந்த வேலைக்கும்.

எந்தத் தரைக்கும்.

"அம்மா."

"பேசாத."

"அம்மா, அக்கா..."

"திருப்பூர்ல இருக்கா." அம்மா பச்சைத் துணியைக் கட்டைவிரலால் விரிசலுக்குள் அழுத்தினாள். கலவையை அதன்மேல் வைத்து மணிக்கட்டால் தேய்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. உங்கப்பா கேட்டா, நீ ஒண்ணும் பாக்கல. நீயாச்சும் எனக்கு இருக்கணும்டி."

பூசி முடித்து எழுந்தாள். செம்பை நீட்டினாள்.

"இறுகட்டும். காலையிலேர்ந்து ஏழு நாளைக்குத் தண்ணி ஊத்தணும். அன்னைக்கு விட்டுட்டோம். இந்தா, இப்ப லேசா தெளி. இனிமே நீயே பாத்துக்க."

எட்டு மாதமாகத் தீட்டி வைத்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. சொல்வதற்கு ஆள் இருந்தாள். இரண்டடி ஆழத்தில்.

தமிழ்மொழி செம்பை வாங்கினாள். தெளித்தாள். தரை உறிஞ்சியது. மறுபடியும் தெளித்தாள். உறிஞ்சியது.

அம்மா அடுப்பு மூட்டப் போய்விட்டாள். ரோட்டில் அப்பாவின் டிவிஎஸ் சத்தம், தூரத்தில்.

சோளம் ஈரத்தில் கால் பதித்து மெல்ல நடந்தது. புதுப் பூச்சின் நடுவில் உட்கார்ந்தது. யாரோ கூப்பிட்டதுபோல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதன் வால் ஈரத் தரையைத் தட்டியது.

அறையில் காற்று இல்லை.

குட்டியின் இடது காது நுனியிலிருந்து எழும்பியது. மெதுவாக, பக்குவமாக மடிந்து திரும்பி, ரோஜா நிற உள்பக்கம் வெளியே தெரிய, அப்படியே நின்றது.