பன்னிரண்டாவது பாட்டு

ஆகஸ்ட் மாதம், மாலை ஆறரை மணி. தில்லியின் முனிர்காவில் நிலவறையில் இயங்கும் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். படிக்கட்டின் அடியில் என் அப்பா பச்சைமுத்து இறந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. காலையிலிருந்து விடாத மழை, படியெல்லாம் ஈரம்.

"வழுக்கி விழுந்திருக்கார்," என்றார் கூடத்தின் சொந்தக்காரர் ப்ரசன்னா.

நாற்பது வருடம் தில்லி மேடைகளில் பறையடித்துப் பாடியவரின் முதல் பாட்டுத் தொகுப்பு அங்கேதான் பதிவாகிக்கொண்டிருந்தது. சொந்தப் பாட்டு ஏழு, மற்றவர்களுடையது ஐந்து. பதிவு செய்ய ஒன்றுதான் பாக்கி இருந்தது.

உறவினர்கள் இரவே எரித்துவிடலாம் என்றார்கள். எரித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. விசாரிக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மாதங்கியைத் தனியே அழைத்தேன்.

"மேடம், அட்டையில எல்லாப் பாட்டுக்கும் இசை ப்ரசன்னான்னு போட்டிருந்தாங்க. 'என்னோட ஏழு பாட்டுக்கு எம்பேரு வந்தாத்தான் கடைசிப் பாட்டைப் பாடுவேன்'னு சொல்லிட்டுத்தான் அப்பா கிளம்பினாரு."

மாதங்கி ப்ரசன்னாவிடம் திரும்பினார். "எப்ப வந்தார்?"

"ரெண்டு மணிக்கு. நாங்க ரெண்டு பேர்தான். பேசிச் சமாதானம் ஆயிட்டார். நாலு மணிக்குப் பாடி முடிச்சார். உடனே நான் கரோல் பாக் போயிட்டேன். அங்க பத்துப் பேர் என்னைப் பார்த்திருக்காங்க."

"அச்சா. அந்தப் பாட்டைப் போடுங்க."

அப்பாவின் குரல் எழுந்தது. கூடவே பறை, கணீரென்று.

நாற்காலியில் கிடந்த பறையை மாதங்கி விரலால் தட்டினார். ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் 'தொப்'பென்றது.

"இதைத்தான் அடிச்சாரா? எடுத்து வேற ஏதாவது செஞ்சாரா?"

"என்ன செய்யறது? எடுத்தார், அடிச்சார். பறைதானே மேடம், வீணையா, சுருதி சேர்க்க?"

மாதங்கி என்னைப் பார்த்தார்.

"மழைக்காலத்துல தோல் தொய்ஞ்சிடும் மேடம். தீயில காய்ச்சாம அப்பா அடிக்கவே மாட்டாரு." அப்பாவின் பையைத் திறந்து காட்டினேன். காய்ச்சுவதற்காகக் காலையில் நான் கட்டிக் கொடுத்த பழைய செய்தித்தாள் கட்டு. என் முடிச்சு அவிழவில்லை. புதுத் தீப்பெட்டியின் காகிதம்கூடக் கிழியவில்லை.

"வேற பறை உண்டா?"

"இது ஒண்ணுதான்."

மாதங்கி பாட்டை நிறுத்தினார்.

"ப்ரசன்னா, இவர் இன்னைக்குப் பாடவே இல்ல. இது வெயில் நாள்ல எடுத்தது. கம்ப்யூட்டர்ல தேதியை மாத்திட்டீங்க. நாலு மணிக்கு அவர் உயிரோட இருந்ததுக்கு இந்தப் பாட்டு மட்டும்தான் சாட்சி. அது பொய்ன்னா, அவர் கூடக் கடைசியா இருந்தது நீங்க."

ப்ரசன்னா தரையில் உட்கார்ந்தார். "மே மாசம் ஒத்திகைல எடுத்தேன்... கிளம்பறேன்னு படியேறினார். சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். ஒரே ஒரு தடவை."

உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போனது.

தொகுப்பு வெளிவந்துவிட்டது, அப்பாவின் பெயரோடு, பதினொரு பாட்டுகளுடன். பன்னிரண்டாவது வழக்குச் சான்று. என்னிடம் பிரதி இல்லை. அதைக் கேட்க வேண்டுமென்றால், நீதிமன்றத்தில் அதைப் போடும் நாளில், ப்ரசன்னா நிற்கும் அதே அறையில் நானும் உட்கார வேண்டும்.