முதல் ஈடு

"ஏங்க, நான் முன்னாடி வந்து நின்னுக்கினு இருக்கிறேன்... கண்ணு தெரியல?"

தகரக் கூரையில் கொட்டிய மழையையும் மீறி ஒலித்தது தேவகியின் குரல். அந்த இளைஞனோ தன் மூட்டையை அவிழ்த்து, உரித்த வேர்க்கடலையை ஒருமுறை ஆட்டும் ஈடு அளவுக்குச் செக்கில் கொட்டியே விட்டான்.

"கொஞ்சம் அவசரங்க."

"எனக்கு மட்டும் இல்லியா? ஆறு மணிக்குக் கடைசி பஸ்ஸு. அத வுட்டா முசரவாக்கத்துக்கு நடந்தா போறது?"

"நடக்க வுட மாட்டேங்க."

அதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகள்... சிரிக்கத் தெரியாமல் சிரித்த கண்கள். தேவகி வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள். இந்த முரடனுக்குப் போய் இப்படிக் கண்ணா!

நாளைக்கு அக்கா கிருஷ்ணவேணிக்கு நிச்சயதார்த்தம். அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டதால், வீட்டுக் கடலையை ஆட்டி எண்ணெய் கொண்டுபோக இவளே காஞ்சிபுரம் வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன அக்கா... எண்ணெய் இல்லாமல் போய் நின்றால்? தேவகி கடிகாரத்தைப் பார்த்தாள்.

மணி நாலரை.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?" ஐந்தாவது முறையாகக் கேட்டாள்.

"இந்தத் தம்பி தணிகாசலம் ஈடு முடிஞ்சிது. அடுத்தது உன்துதாம்மா," என்ற செக்குக்காரர் பரமசிவம், சூடான புதுப் புண்ணாக்கில் ஒரு துண்டை நீட்டினார். காத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம்.

"அத வாயில போடாதீங்க!" பதறினான் தணிகாசலம்.

"ஏன், உங்க சொத்து கரைஞ்சிடுமா?"

வீம்புக்கென்றே மென்றாள். கசப்பு! நாக்கு, தொண்டையெல்லாம்... வேப்பங்கசப்பு!

"காலையில வேப்பங்கொட்ட ஆட்டினேன்மா." பரமசிவம் தலையைச் சொறிந்தார். "எவ்ளோ தொடச்சாலும் முத ஈடு கசக்கும். அடுத்தது சுத்தமா வந்துடும்."

முதலில் விழுந்திருக்க வேண்டியது அவள் கடலை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வாயில் கசந்திருந்தால்... தேவகி அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சேதான் முன்னாடி பூந்தீங்களா? சொல்லியிருக்கலாம் இல்ல?"

"காலையில வேப்பங்கொட்ட ஆட்டினத பாத்தேங்க. சொன்னா, வேற யாருனா முத ஈடு போடற வரைக்கும் நின்னுக்கினு இருப்பீங்க. பஸ்ஸு போயிடும். நிச்சயதார்த்தம்னு நீங்க செக்குக்காரராண்ட சொன்னது காதுல வுழுந்துது..."

ஒரு மன்னிப்புக்கூட... திட்டின வாயால் எப்படிக் கேட்பது?

தெளிந்த மஞ்சளாய் அவள் எண்ணெய் இறங்கியது. தகர டின்னை அவனே தூக்கிவந்து பஸ்ஸில் வைத்தான். ஆறாக இரண்டே நிமிடம். ஜன்னல் கம்பியில் இன்னும் மழை சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது கேட்காவிட்டால் இனி எப்போது?

"கசப்பு எண்ணெய எடுத்துக்கினு போனா... வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க. ஒரு பொண்ணுக்காகத்தான்னு சொல்லிடுவேன்."

"எந்தப் பொண்ணுன்னு கேட்டா?"

"பேரு தெரியாதே..."

பஸ் உறுமியது. தேவகியின் நெஞ்சு அதைவிடப் பலமாக அடித்துக்கொண்டது.

"முசரவாக்கம் தேவகின்னு சொல்லுங்க! அக்கா கல்யாணம் முடிஞ்சதும்... வந்து கேக்கச் சொல்லுங்க!"

சொல்லிவிட்டாள்... கன்னம் இரண்டும் எரிந்தன. நாக்கில் ஒட்டியிருந்த அந்தக் கசப்பை, ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் வாய் கொப்பளித்துப் போக்கவில்லை.