உள்பக்கக் கைப்பிடி

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தகடு இருந்தது. பிளாஸ்டிக்கை அளவெடுத்து வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்து, இரண்டு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். இடது முன் கதவு, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை. கண்ணாடியை இறக்கும் சுழற்றியும் அங்கே இல்லை. பூட்டுக் குமிழை அடியோடு அறுத்திருந்தார்கள். மற்ற மூன்று கதவுகளிலும் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

அவள் பதினாறு வருடமாக வண்டி வேலை பார்க்கிறவள். வீட்டில் அக்கா பெரியவள், அவள் சின்னவள். பட்டறைக்கு வருகிறவர்களும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். உடைந்த கைப்பிடிகள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அதற்குப் பதிலாகக் கயிறு கட்டி இழுக்கிறவர்கள் உண்டு, கரண்டியைச் செருகி வைத்திருந்த மகராசன்கூட ஒருவர் உண்டு. உடையாத கைப்பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை இத்தனை அழகாக மூடியிருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

வண்டி அத்தானுடையது. மூன்று சிலிண்டர் வைத்த சின்ன ஜப்பான் கார், வயது இருபதுக்கு மேல். அக்காவைக் கல்யாணம் செய்வதற்கு முன்பிருந்தே அவரிடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு முன் பெரியவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இந்த இருக்கையிலேயே உயிரை விட்டாள். மூச்சுத் திணறல் என்றார் அத்தான். குரல் உயர்த்தி யாரும் கேட்டிராத மனிதர், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவர் என்று பெயர். அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். இப்போது இன்னொரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார். நாளைக் காலை அவளை அழைத்துவர வண்டி வேண்டும். ஆயில், பிளக், பிரேக் மூன்றையும் பார்த்துவிட்டால் போதும் என்று நேற்றே சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

போன் போட்டுத் தகட்டைப் பற்றிக் கேட்டாள். அவர் மெல்லச் சிரித்தார். பெரியவளுக்கு ஓடுகிற வண்டியில் கதவைத் திறக்கும் கெட்ட பழக்கம் இருந்ததாம், விழுந்து கிழுந்து வைத்தால் என்னாவது என்று எடுத்துவிட்டாராம்.

"அந்தக் கதவை மட்டும் தொட வேணாம்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் வேறு யாரும் இல்லை. மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் வராமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, அவள் வண்டியை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்தாள். பழைய ஆயில் தார் போல இறங்கியது. மழையின் ஈரமும் கிரீஸ் வாடையும் கலந்த அந்தக் காற்றில் வேறொரு வாசனையும் இருந்தது. ஜன்னல் திறக்காத அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர்களின் வியர்வை போல, இருக்கையின் அடியிலிருந்து அது நூல் நூலாக இறங்கி அவள் முகத்தில் படிந்தது.

அப்போதுதான் கேட்டது. டக்.

சூடு ஆறும்போது இரும்பு பேசும், அது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அடுத்துப் பிரேக் டிரம்மைக் கழற்றி ஷூ மாற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டது. டக். கதவுக்குள்ளிருந்து வந்தது. அதன் பிறகுதான் ஒன்று உறைத்தது: வண்டியை இன்னும் அவள் ஸ்டார்ட்டே செய்யவில்லை. ஆறுவதற்கு அதில் சூடு இல்லை.

ஜாக்கியை இறக்கினாள். வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. வலது பக்கம் சக்கரத்துக்கு மேல் நாலு விரல் இடைவெளி, இடது பக்கம் இரண்டு விரல்கூட இல்லை. டயரில் காற்று சரி. ஸ்பிரிங் சரி. ஷாக் அப்சார்பர் கசியவில்லை. மட்கார்டில் கைவைத்து அமுக்கிப் பார்த்தாள். காலி வண்டி துள்ளி எழும். இது ஆள் ஏற்றிய வண்டி போல மெதுவாக எழுந்து, மெதுவாக அடங்கியது.

உள்ளே யாரும் இல்லை. இரண்டு முறை பார்த்தாள்.

ஷட்டருக்கு வெளியே போய் மழையில் நின்றாள். அம்மாவுக்குப் போன் செய்து தகட்டைப் பற்றி மட்டும் சொன்னாள்.  போனவள் போய்விட்டாள், கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பாதே, நல்ல மனிதரைச் சந்தேகப்படாதே என்றாள் அம்மா. சின்னவள் போனை அணைத்தாள். அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. போன வருடம் பெரியவள் பட்டறைக்குப் போன் பண்ணி, உள்ளே கைப்பிடி இல்லாத கதவை எப்படித் திறப்பது என்று கேட்டாள். ஏதோ வேனுக்கு அடியில் கிடந்த சின்னவள், கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திற, இதுகூடத் தெரியாதா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பெரியவள் மறுபடி கூப்பிட்டாள். கண்ணாடியும் இறங்கவில்லை என்றாள். சின்னவளுக்கு அன்றைக்கு வேலை அதிகம். அப்புறம் பேசுகிறேன் என்றாள்.

பேசவே இல்லை.

 ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வலது பக்கமாக ஏறி, குறுக்கே எக்கிக் கதவைத் தொட்டதும் விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியது. மெழுகு. கந்தைத்துணியால் துடைக்கத் துடைக்க, மெழுகு அடைத்து மறைத்திருந்த கீறல்கள் வெளியே வந்தன. நாலு நாலாக, மேலிருந்து கீழே. சில ஆழமாக. சில அந்தத் தெம்புகூட இல்லாமல்.  திருகாணிகளைக் கழற்றித் தகட்டை எடுத்தாள். பள்ளத்துக்குள் கைப்பிடியைப் பூட்டோடு இணைக்கும் கம்பியின் முனை தெரிந்தது.

கம்பி அசைந்தது.

பின்னுக்குப் போயிற்று. நின்றது. விடுபட்டது. டக். மறுபடி பின்னுக்கு. அவசரமே இல்லை. ஆயிரம் முறை இழுத்துப் பார்த்து அலுத்தவர்கள் ஆயிரத்தோராவது முறை இழுக்கிற மாதிரி. இருக்கை காலியாக இருந்தது. அதன் மெத்தை அமுங்கியிருந்தது. சின்னவளின் காதுக்கருகே, எக்கியிருந்த அவள் கழுத்தின் மேல், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஓடினாள். பணிமேசை வரைக்கும்தான் ஓடினாள். அதைப் பிடித்துக்கொண்டு நின்று, பல்லைக் கடித்து, தனக்குள்ளேயே வாய்க்கு வந்தபடி வைதுகொண்டாள். பிறகு பழைய சாமான் அலமாரியைக் கிளறினாள். விபத்தில் நசுங்கி வந்த இதே மாதிரி வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய கைப்பிடி அங்கே இருந்தது. அதை எடுத்துத் துடைத்தாள்.

பொருத்தும்போது திருகாணி இரண்டு முறை விழுந்தது. தேடி எடுத்தாள். குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் மணிக்கட்டில் படிந்து நகர்ந்தது. கையை எடுக்கவில்லை. கம்பியைக் கொக்கியில் மாட்டி, கிளிப்பை அமுக்கி, முடுக்கினாள். இறங்கி வலது கதவைச் சாத்தினாள்.

போன் அடித்தது. அத்தான். பக்கத்தில் வந்துவிட்டாராம்.

"கதவைத் தொட்டியாம்மா?"

"கைப்பிடி போட்டுட்டேன்."



"கழட்டிடு," என்றார். அதே மெல்லிய குரல். "நான் வர்றதுக்குள்ள கழட்டிடு."

"என் பட்டறையை விட்டுப் போற வண்டிக்கு எல்லாக் கதவும் உள்ளேயிருந்து திறக்கும் அத்தான். திறக்காம எதுவும் போகாது."

ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினாள். ஆயில் சிந்திய தரையில் வழக்கம்போல மரத்தூளைத் தூவினாள். இடது கதவுக்கு எதிரே இரண்டடி தள்ளி நின்றாள். கைப்பிடி அசையவில்லை. மழை. டியூப் லைட்டின் ரீங்காரம். அவளுடைய மூச்சு.

"அக்கா," என்றாள். "கைப்பிடி இருக்கு. இழு."

எதுவும் இல்லை.

பிறகு, மெல்ல, கைப்பிடி மடங்கியது.

கதவு திறந்தது. வண்டியின் இடது பக்கம் ஓர் அங்குலம் எழுந்தது. மரத்தூளில் ஒரு பாதம் பதிந்தது. வெறும் பாதம், ஈரம். அடுத்தது. அவள் அழுதாள். வா என்றாள்.

வண்டி மறுபடியும் எழுந்தது.

இன்னொரு பாதம். இது சிறியது.

மறுபடியும்.

நீளமான பாதம். குதிகாலில் வெடிப்பு.

மறுபடியும். மறுபடியும். ஸ்பிரிங் முனகியது. ஒரே இருக்கை. ஒரே கதவு. அத்தனை பேர்.

ஷட்டரை யாரோ விரல் கணுவால் தட்டினார்கள். மூன்று தட்டு, மரியாதையாக.

"சின்னவளே, நான்தான்."

அவளுடைய இடது கைக்குள் ஒரு கை நுழைந்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய கைதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. விரலிடுக்குகளில் தோல் மட்டும் அமுங்கியிருந்தது. பெரியவளுடையது தடித்த கை, உள்ளங்கை எப்போதும் சூடு. இது எலும்பு. பனி. அக்கா இல்லை. யாரென்றே தெரியவில்லை.

விடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வலது கையால் பூட்டைத் திறந்தாள். ஷட்டரைத் தூக்கினாள். முதலில் மழை தெரிந்தது. பிறகு அவருடைய ஷூ. பிறகு மடிப்புக் கலையாத பேண்ட்.

"வாங்க அத்தான்," என்றாள்.

மரத்தூள் ஒட்டிய ஈரத் தடங்கள் அவளுடைய இரு பக்கமும் தாண்டி, ஒன்றன்பின் ஒன்றாக, வெளியே போகத் தொடங்கின.