அப்பா பின் சீட்டில் ஏறினார்

“நானா, இழுப்பு எப்படிங்க?” என்று அப்பா கேட்டார்.

“இழுப்பா? அதப் பத்தி என்னட்ட கேக்கவே வாணாம் தம்பி. இது மாதிரி இழுப்பு இந்தப் பக்கத்துல ஒரு ஜீப்புக்கும் இல்ல!” நிலாம் நானா பச்சை ஜீப்பின் பொனட்டைத் தட்டிக் காட்டினார்.

ஆறு வயது விதுர்ஷன் தன் அக்காவின் கையைப் பிடித்து ஆட்டினான். “அக்கா, பாவம்க்கா. ஜீப்புக்கும் இழுப்பு இருக்காம்.”

ஷாமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அவனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். விதுவுக்குத் தெரிந்த இழுப்பு ஒன்றே ஒன்றுதான். மழை பெய்தால் அவன் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் மூச்சிழுப்பு.

“அது வேற இழுப்புடா. பாரத்தை இழுக்கிற பலம். மேட்டுல ஏறுதா இல்லையான்னு கேக்குறாரு.”

“அப்ப ஜீப்பு ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா?”

“வேணாம்.”

“குடுத்து வச்ச ஜீப்பு,” என்றான் விது.

எஹலியகொட டவுனுக்குச் சற்று வெளியே இருந்தது, அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் நிலாமின் வண்டி வளவு. பழைய வண்டிகளை வாங்கி விற்பது அவர் தொழில். அன்று அங்கே இரண்டு பெரிய ஜீப்கள் நின்றன. ஒன்று பச்சை, புதுப் பெயின்ட் பளபளத்தது. மற்றது வெள்ளை. வெள்ளை என்று நாம் மரியாதைக்குச் சொல்லிக்கொள்ளலாம்; நிறம் எப்போதோ மங்கிப் போயிருந்தது. இரண்டிலும் முன்னால் இருவர், பின்னால் ஒரு குடும்பமே உட்காரலாம்.

ஷாமிளாவின் அப்பா யோகராஜிடம் ஒரு ஜெனரேட்டரும் நாலு ஸ்பீக்கர் பெட்டிகளும் இருந்தன. மலைமேல் பல தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு அப்போது மின்சாரம் வந்திருக்கவில்லை. கல்யாணமோ, சாவோ, கோயில் திருவிழாவோ, அவர் போனால்தான் வெளிச்சம். ஜெனரேட்டரை ஒரு ட்ரெய்லரில் ஏற்றி, வாடகை ட்ராக்டரில் கட்டி இழுத்துப் போவார். வெள்ளிக்கிழமை தோட்டத்தின் மேல்பகுதியான மேற்கணக்கில் மாரியம்மன் கோயில் திருவிழா. அதற்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ட்ராக்டர்காரரோ இனிமேல் தன்னால் வரமுடியாது என்று கைவிரித்துவிட்டார்.

ஆனால் ஜீப் வாங்குவதற்கு உண்மையான காரணம் திருவிழா இல்லை. அந்தக் காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம். மழை கொட்டித் தீர்த்தது. பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. விதுவுக்கு இழுப்பு கண்டது. அம்மா கலைச்செல்வி தான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். கடைசியில் அந்த வாடகை ட்ராக்டரில்தான் போனார்கள். கூரையில்லாத ட்ராக்டர். அம்மா மடியில் விது, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். ஷாமிளா அந்தத் தாளின் ஒரு முனையைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டாள். தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டே போவதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துக் காற்றுக் கொடுத்தார்கள். பிழைத்தான். “இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்...” என்று தொடங்கிய டொக்டர், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

அன்றைக்கே அப்பா முடிவு செய்தார். ட்ரெய்லரை இழுக்கிற, பிள்ளையை நனையாமல் கொண்டுபோகிற ஒரு வண்டி வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி.

பெரியவர்கள் வண்டி பார்க்கிற விதமே தனி. டயரை உதைப்பார்கள். பொனட்டைத் திறந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எதற்கு உதைத்தீர்கள், எதற்குத் தலையாட்டினீர்கள் என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். அப்பாவும் இரண்டையும் செய்தார். பிறகு, “பச்சையத்தான் ஓட்டிப் பாக்கணும்” என்றார். அவர் கண் முதலிலிருந்தே வெள்ளைப் பக்கம் திரும்பவில்லை.

ட்ரெய்லரை ஜெனரேட்டரோடு முன்கூட்டியே அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நிலாம் நானா கொக்கியை மாட்டினார்.

“ஷாமிளா, நீயும் போ. தம்பி பின்னால படுத்துக்கிட்டு வரலாமான்னு பாத்துட்டு வா,” என்றார் அம்மா.

அப்பா ஓட்ட, நிலாம் நானா பக்கத்தில் உட்கார்ந்தார்; ஷாமிளா பின் சீட்டில் ஏறினாள். மெல்லத் தூறிக்கொண்டிருந்தது. “கண்ணாடிய மூடு புள்ள,” என்றார் அப்பா. விதுவுக்குக் குளிர்காற்று ஆகாது. அதனால் எந்த வண்டியில் போனாலும் அவன் பக்கத்துக் கண்ணாடியை மூடுவது அவர்கள் வீட்டுப் பழக்கம். அவன் இல்லாதபோதும் அது அப்பாவின் வாயில் தானாக வந்துவிட்டது.

பச்சை ஜீப் மேட்டில் ஏறியது. அடேயப்பா, என்ன ஏற்றம்! அவ்வளவு பாரமான ட்ரெய்லர் பின்னால் இருப்பதையே மறந்துவிட்டதுபோல் ஏறியது. அப்பா ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “பாத்தீங்களா நானா! பாத்தீங்களா!” என்றார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பின் சீட்டில் ஷாமிளாவுக்கு வேறு ஒன்று புரிந்துகொண்டிருந்தது.

ஒரு நாற்றம் வந்தது. டீசல் புகை. முதலில் லேசாக, பிறகு தொண்டையைக் கரகரக்க வைக்கும் அளவுக்கு. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெடித்துக் கிடந்தது. மேடு ஏற ஏற ஜீப் கரும்புகையைக் கக்கியது. பின்னால் ட்ரெய்லர் மறைத்ததால் அந்தப் புகை போக வழியில்லாமல் கதவு இடுக்கில் உள்ளே நுழைந்தது. முன்னால் ஜன்னல் திறந்திருந்ததால் அப்பாவுக்கும் நானாவுக்கும் நல்ல காற்று.

வளவுக்குத் திரும்பியபோது அவளுக்குத் தலை வலித்தது.

“அப்பா, பின்னால புகை வருதுப்பா.”

“டீசல் வண்டின்னா கொஞ்சம் மணக்கத்தான் செய்யும்.”

“கொஞ்சம் இல்லப்பா. கண்ணெல்லாம் எரியுது.”

“ஜீப்புல இது ஒரு கொறையா? என்னா இழுப்பு இழுத்துச்சு, பாத்தியா?” அப்பா அவள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. “நானா, இதுவே இருக்கட்டுங்க. நாம பேசி முடிச்சிருவோம். விது, ஏறுடா! உன்னையும் ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன்.”

இதற்காகத்தானே விது காத்திருந்தான்! கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கி வைத்தும்விட்டான்.

ஷாமிளா ஓடிப்போய் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“விடுக்கா!”

“விடமாட்டேன்.”

“ஷாமிளா, என்னா இது? எல்லாரும் பாக்குறாங்க,” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

ஷாமிளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பிடியை விடவில்லை.

“தம்பிய ஏத்தாதீங்கப்பா. மொதல்ல நீங்க ஏறுங்க. தம்பி உக்கார்ற எடத்துல நீங்க உக்காருங்க. கண்ணாடிய மூடிட்டு உக்காருங்க. நிலாம் நானா ஓட்டட்டும். மேல போயிட்டு வந்து நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா, நான் ஒண்ணும் பேசமாட்டேன்.”

அம்மா அப்பாவையே பார்த்தார்.

“போயிட்டுத்தான் வாங்களேங்க,” என்றார் மெதுவாக.

அப்பா முகத்தைச் சுளித்தார். ஆறடி மனிதர், முழங்காலை மடக்கிப் பின் சீட்டில் ஏறினார். “புள்ள சொல்லுது, போயிட்டு வருவோம் நானா,” என்று சொல்லிக் கண்ணாடியையும் மூடிக்கொண்டார். வளவிலிருந்து ஜீப் ட்ரெய்லரோடு வெளியே போனது.

ஷாமிளா தம்பியை அணைத்துக்கொண்டு நின்றாள். விது அவள்மேல் கோபமாக இருந்தான். “உன்கூட டூ,” என்றான். அப்பா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பெரியவர்களுக்குப் புகை பழகிப் போயிருக்குமோ? அவர்களுடைய நெஞ்சு பெரிய நெஞ்சு. அதற்கு இந்தப் புகை ஒன்றுமே இல்லையோ?

ஜீப் திரும்பி வந்தது. நின்றதும் நிற்காததுமாகப் பின் சீட்டுக் கதவு திறந்தது.

அப்பா சிரிக்கவில்லை. இறங்கி, இரண்டடி நடந்து, குனிந்து இருமினார். கண் சிவந்து நீர் வழிந்தது. அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அப்பா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், விதுவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இவனத் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத்தான இத வாங்க வந்தேன்,” என்றார். குரல் உடைந்திருந்தது. “போற வழியிலேயே...”

அம்மா விதுவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

நிலாம் நானாவின் முகம் சுண்டிப் போயிருந்தது. “அல்லாஹ்வே, எனக்குத் தெரியாது தம்பி. நான் எந்த நாளும் முன்னால இரிந்து ஓட்டுறதுதான். பின்னால ஒரு நாளும் இரிந்து பாக்கல்ல. இத இனி நல்லாச் செஞ்சிட்டுத்தான் யாருக்கும் குடுப்பன்.” பிறகு ஷாமிளாவைப் பார்த்து, “மகள், நீங்க சொல்லாட்டி நான் ஒரு புள்ளைட பாவத்தச் சொமந்திரிப்பன்,” என்றார்.

ஷாமிளா மற்ற வண்டியின் பக்கம் திரும்பினாள். “அந்த வெள்ளை ஜீப்பைப் பாக்கலாமா நானா?” என்று மட்டும் கேட்டாள்.

இந்த முறை அப்பா டயரை உதைக்கவில்லை. ட்ரெய்லரை மாட்டச் சொல்லிவிட்டு, நேரே போய்ப் பின் சீட்டில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டார். நிலாம் நானா ஓட்ட, மேடு ஏறிப் போய்த் திரும்பி வந்து, “கலைச்செல்வி, நீ ஏறு” என்றார். அம்மா ஏறினார். அதற்குப் பிறகு ஷாமிளா ஏறினாள். சீட்டில் கொஞ்சம் பழைய துணி வாடை இருந்தது. புகை இல்லை. கடைசியாகத்தான் விதுவை ஏற்றினார்கள். அவன் சீட்டில் நீட்டிப் படுத்துப் பார்த்து, “கால் இடிக்கல,” என்று தீர்ப்புச் சொன்னான். அக்காவோடு போட்ட டூவும் அப்போதே மறந்துபோயிற்று.

“ஒண்டையும் ஒளிக்கக்கூடாது தம்பி,” என்றார் நிலாம் நானா. “இதுல பச்சைட பலம் இல்ல. ஜெனரேட்டரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஒண்ணா ஏத்தினா மேட்டுல திணறும்.”

“அப்ப ரெண்டு நடையாப் போறேங்க. ஜெனரேட்டர் ஒரு நடை, பெட்டி ஒரு நடை,” என்றார் அப்பா. “சாமி கொஞ்சம் பொறுத்துக்கும்.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்பினார்கள். முதல் நடை. ட்ரெய்லரில் ஜெனரேட்டர் மட்டும். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் ஷாமிளாவும் விதுவும். மேற்கணக்குக்கு ஏறும் பாதை ஒற்றைப் பாதை. வெள்ளை ஜீப் அவசரமே இல்லாமல் ஊர்ந்து ஏறியது. பின்னால் வந்த தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று முந்த இடமில்லாமல் மாட்டிக்கொண்டது.

முதல் வளைவில் அப்பா கேட்டார்: “விது, எப்படிடா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா.”

அடுத்த வளைவு. “விது?”

“இருக்கேன்ப்பா.”

“புள்ளைய நிம்மதியா வர விடுங்க,” என்று அம்மா சொன்னார். அப்பா விடுவதாக இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். விதுவும் “ம்” என்றான், பிறகு இன்னும் சின்னதாக ஒரு “ம்” என்றான்.

கோயில் மணி கேட்கும் தூரம் வந்துவிட்டது. கடைசி மேடு.

“விது?”

பதில் இல்லை.

“விது!”

பதில் இல்லை. ஷாமிளா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ஆனால் முன்னால் பாதையைப் பார்த்து ஓட்டுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பாரத்தோடு மேட்டில் வண்டியை நிறுத்தக்கூடாது. அது அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நிறுத்தினார். பிரேக்கை இழுத்துப் போட்டார். அம்மா குதித்து இறங்கி, பாதையோரக் கல்லை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் அணை கொடுத்தார். அப்பா ஓடிவந்து பின் சீட்டுக் கதவைத் திறந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

“தூங்கிட்டான்ப்பா,” என்று ஷாமிளா கிசுகிசுத்தாள்.

விது அக்காவின் மடியில் தலைவைத்து, வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்பா தன் உள்ளங்கையை அவன் நெஞ்சில் வைத்தார். நெஞ்சு மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. விசில் சத்தம் இல்லை, கரகரப்பு இல்லை.

பின்னால் லொறிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்தார். அப்பா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைத் தூக்கி அவரைப் பொறுக்கச் சொன்னார். மற்றக் கையை அவர் எடுக்கவேயில்லை.