முந்திக்கொண்ட குரல்

அந்த இருமல் அவனுடையதுதான். தொண்டையின் அடியில் கரகரத்துக் கிளம்பி, கடைசியில் மெல்லிய விசில் போல முடிகிற இருமல். ஹெட்போனில் இரண்டு காதுக்குள்ளும் அது கேட்டபோது அவனுக்கு அடையாளம் தெரியாமல் போக வழியே இல்லை. ஆனால் அவன் இன்னும் இருமியிருக்கவில்லை. தொண்டையில் அரிப்பு அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் இருமல் கேட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் அவன் இருமினான்.

ஸ்டூலின் மேல், மைக்கையும் கணினியையும் இணைத்திருந்த சவுண்ட் கார்டைப் பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. முகப்பில் சின்னப் பச்சை விளக்கு, அவன் மூச்சுவிடும்போதெல்லாம் கொஞ்சம் துடித்தது.

"பழைய சாமான், அப்படித்தான் இருக்கும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

வீட்டின் பின்பக்கத்தில், துணி அலமாரியும் உடைந்த பெட்டிகளும் கிடந்த சின்ன அறை அது. கதவின் மேல் கனமான ஒரு கம்பளியைத் தொங்கவிட்டிருந்தான். வெளியே இருக்கும் சத்தம் உள்ளே வராமலிருக்க என்று இணைய வீடியோக்களில் சொல்லியிருந்தார்கள். அவன் தொங்கவிட்டது உள்சத்தம் வெளியே போய்விடாமலிருக்க. பூச்சி உருண்டை நெடியும், பழைய கம்பளியின் ஈர வாடையும், மைக்கின் வலையில் படிந்து திரும்பி வரும் அவன் மூச்சின் நாற்றமும் சேர்ந்து, யாரோ நெருக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது போலிருந்தது.

அவன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான மனைவியும், அதே பள்ளியில் படிக்கும் மகளும் வர சாயங்காலம் ஆகும். நடுவிலிருக்கும் நேரத்தில் கம்பளிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாடுவான். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும். ஏற்கெனவே ஒருமுறை போனது போதும்.

அது மைத்துனன் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில். யாரோ மைக்கைக் கையில் திணித்து, "நீங்க ஒண்ணு பாடுங்க மாமா" என்றார்கள். சின்ன வயதிலிருந்து குளியலறையில் மட்டும் பாடி வந்தவனுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். உச்சத்துக்குப் போகிற இடத்தில் குரல் இரண்டாகக் கிழிந்தது. கண்ணைத் திறந்தால் மைத்துனன் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது வந்தது, குரல் கிழிகிற இடத்தில் ஆடு கத்துகிற சத்தம் சேர்க்கப்பட்டு. கீழே மைத்துனன் எழுதியிருந்தான்: 'மாமா, உங்க தொண்டைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க. உள்ளே யாரோ மாட்டிக்கிட்டிருக்காங்க.'

அவனும் சிரித்த முகம் ஒன்றைப் போட்டு வைத்தான். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். மகள் சிரிக்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே அவள் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு வெளியே போனதை அவன் பார்த்திருந்தான். அதை நினைத்தால் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் தனியாக நிற்கும்போதுகூட முகம் சுட்டது.

ஒரு பாட்டாவது ஒழுங்காகப் பாடிக் குழுவில் போட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் சவுண்ட் கார்டு.

ரிப்பேர் கடைகள் நெருக்கியடித்த ஒரு மாடியில், வயர்களுக்கும் திறந்த ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"யார் சார் பாடப் போறாங்க?"

"என் பொண்ணு" என்றான். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஒருத்தர் பாடறதுன்னா ஒரு மைக் சொருகற மாதிரி இருந்தாலே போதும். ரெண்டு மைக் கார்டு வாங்கிக் காசை வீணாக்காதீங்க. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாருங்க. நம்ம பாடறது கம்ப்யூட்டருக்குள்ள போய்ட்டு ஹெட்போனுக்குத் திரும்பி வரணும் இல்லையா? மட்டமான கார்டுல அது லேட்டா வரும். நீங்க ஒரு வார்த்தையில இருப்பீங்க, காதுல போன வார்த்தை கேட்டுக்கிட்டிருக்கும். பாடறவங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

லேட் ஆகாத புதுக் கார்டின் விலையைக் கேட்டதும் அவன் அதைத் திருப்பிப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தான். மனைவியிடம் சொல்லாமல் எடுக்கக்கூடிய பணம் அல்ல அது. கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. மேசைக்குக் கீழே குனிந்து மூலை நசுங்கிய ஒன்றை எடுத்தார்.

"இது பழசு. ஆனா லேட்டே கிடையாது. ஒரு வீட்டம்மா கொண்டாந்து கொடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரர் இதை வெச்சுக்கிட்டு எந்நேரமும் கதவைச் சாத்திக்கிட்டே இருப்பாராம், யாரோடயும் பேச மாட்டாராம். இப்ப கலகலன்னு ஆயிட்டாராம். வீடே நிறைஞ்ச மாதிரி இருக்கு, இனிமே இந்தப் பெட்டி எதுக்குன்னு கொடுத்துட்டுப் போனாங்க."

அவன் பேரம்கூடப் பேசவில்லை.

இருமல் கேட்ட மறுநாள், பாட்டும் முந்திக்கொண்டது. முதல் அடிக்காக அவன் மூச்சை இழுத்த நேரத்தில் ஹெட்போனில் அந்த அடி தொடங்கிவிட்டது. அவன் குரல்தான். அதே கனம், மூக்கில் லேசாக உரசுகிற அதே வழக்கம். ஆனால் நடுக்கம் இல்லை. உச்சத்துக்குப் போகிற இடத்தில், அவன் உடம்பு தானாகக் கூசிச் சுருங்கியபோது, அந்தக் குரல் ஒரு துணியை உதறி விரிப்பது போலச் சாதாரணமாக மேலே போய் நின்றது. அவன் வாயைத் திறந்து அதன் பின்னாலேயே போனான். போட்டுக் கேட்டபோது பதிவில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது. கிழியாத குரல்.

இது சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. இருந்தும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். பிறகு குழுவில் அனுப்பிவிட்டான்.

போன் இரவு முழுவதும் மினுங்கியது. மைத்துனனே கூப்பிட்டான். "மாமா, உண்மையைச் சொல்லுங்க, யாரை வெச்சுப் பாட வெச்சீங்க? இல்ல மாமா, சத்தியமா மிரண்டுட்டேன். அந்த ஆட்டு வீடியோவை அழிச்சுட்டேன், மன்னிச்சிருங்க." மனைவி அவனை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். "கமுக்கமா இருந்து என்ன வேலையெல்லாம் பண்றீங்க நீங்க" என்றாள்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவன் தோளில் அவள் தோள் பட்டது.

"அப்பா, நிஜமா நீங்களாப்பா பாடினது?"

சொல்லிவிட அதுதான் சமயம். அவள் கண்ணில் இருந்த மினுக்கத்தைப் பார்த்தான்.

"ஆமா" என்றான்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது தொண்டையில் ஏதோ நழுவியது. வலி இல்லை. சட்டையின் பொத்தான் ஒன்று கழன்று விழுவது போல.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னான். பலகையில் மார்பை அணைத்து நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி சொன்ன? காத்துதான் வருது." இன்னொரு முறை சொன்னான். வார இறுதிக்குள் பக்கத்து அறை நர்ஸ் வந்து அவனுக்காகச் சொல்ல வேண்டியதாயிற்று. மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, கொஞ்ச நாள் பேசாமலிருங்கள் என்றார். "பாடறவங்கன்னா அப்படித்தான்" என்று மனைவி டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பேசத்தான் முடியவில்லை. பதிவுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. மகளின் தோழிக்காக ஒன்று. மைத்துனனின் முதலாளிக்காக ஒன்று. ஒவ்வொரு மத்தியானமும் அவன் கம்பளியை விலக்கிக்கொண்டு உள்ளே போய் வாயை மட்டும் திறந்தான். ஒருநாள் திறக்காமலே இருந்து பார்த்தான். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பச்சை விளக்கு ஏறி இறங்கியது. பாட்டு முழுதாக நடந்தது. மைக்கின் வயரைப் பிடுங்கினான். பாட்டு நிற்கவில்லை.

முடிந்ததும், ஹெட்போனுக்குள், ரொம்பப் பக்கத்தில், அவன் குரல் பிரியமாகக் கேட்டது.

"போதுமா? இன்னொண்ணு பாடட்டுமா?"

அவன் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். யாரிடம் சொல்வது? சொன்னால் முதலில் கேட்கப்போகும் கேள்வி, 'அப்போ அன்னைக்குப் பாடினது நீ இல்லையா?' என்பதாகத்தான் இருக்கும். பேய்க்குப் பயப்படுவதைவிட அந்தக் கேள்விக்கு அதிகம் பயந்தான். அப்படிப் பயந்ததை நினைத்து இன்னும் கூசினான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு எல்லோரையும் கூப்பிட்டு அவனைப் பாட வைக்கப்போவதாக மைத்துனன் அறிவித்த மறுநாள், அவன் முடிவுக்கு வந்தான். பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவது. பணம் வராவிட்டாலும் பரவாயில்லை. மகளிடம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டிவிடுவது. அவள் திரும்பவும் சுவரோரம் ஒண்டிக்கொண்டு போனால் போகட்டும். அது அவனுக்கு உரிய அவமானம். அதையாவது அவன் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்.

வானம் மூடியிருந்தது. அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம். வயரைச் சுற்றும்போது கீழே கிடந்த ஹெட்போனில் ஏதோ கீச்சுக் கீச்சென்று கேட்டது. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் காதில் வைத்தான்.

பாட்டு இல்லை. வீடு கேட்டது.

அவன் வீடு. சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம், ஃப்ரிட்ஜின் முனகல், கூடத்தில் நாற்காலி ஒன்று தரையில் இழுபட்டு, அதன்மேல் ஒரு உடம்பு சாய்ந்து உட்கார்கிற சத்தம். வாசல் பூட்டில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம். மகளின் பை தொப்பென்று விழுந்தது.

"வந்துட்டீங்களா?" என்றது அவன் குரல்.

"அட, பேச்சு வந்திருச்சா!" மனைவி. "என்னங்க, காலைல கூட ஒரு வார்த்தை வரலையே!"

"இப்ப நல்லாயிருச்சு."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். அறைக்குள் அமைதி. வீட்டுக்குள்ளும் அமைதி. யாரும் வந்திருக்கவில்லை. மூச்சுவிட்டான். அசடு. அசடு. எழுந்துகொள்.

அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

செருப்புச் சத்தம். பை தொப்பென்று விழுந்தது.

"வந்துட்டீங்களா?"

கூடத்திலிருந்து. காற்றில். கம்பளிக்கு அந்தப் பக்கம்.

"அட, பேச்சு வந்திருச்சா!"

அவன் கத்தினான். நாக்கு மேலே போனது, நெஞ்சு சுருங்கியது, கழுத்து நரம்புகள் புடைத்தன. ஒன்றும் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. பக்கத்தில் கிடந்த உடைந்த பெட்டி ஒன்றைக் காலால் உதைத்தான். அது சரிந்தது.

"உள்ளே என்னப்பா சத்தம்?" மகள்.

"ஒண்ணுமில்லடா. யாரும் இல்ல. நீ உட்காரு."

"அப்பா, ஒரே ஒரு பாட்டு. மைக் இல்லாம. சும்மா எனக்காக."

பாட்டு தொடங்கியது. கம்பளியின் ஒவ்வொரு நூலும் அதற்கு அதிர்வது போலிருந்தது. சுவரைப் பிடித்தான். கதவு. கம்பளி. விலக்கினான்.

கூடத்தில் விளக்கு போடவில்லை. நாற்காலியில் அவன் சட்டை. அவன் தோள். அவன் பின்மண்டை, நடுவில் முடி கொட்டிய இடம். மகள் தரையில் உட்கார்ந்து, அந்த முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அவன் அவளுடைய குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பார்த்ததில்லை. மனைவி சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கணம், கம்பளியை மூடிவிட்டு உள்ளேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. அது தோன்றியதே எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

ஒரு அடி எடுத்து வைத்தான்.

மகள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை. அவள் கை அந்த முழங்காலை இறுக்கிப் பிடித்தது.

"அப்பா... யாருப்பா அது?"

நாற்காலியில் இருந்தது மெதுவாகத் திரும்பியது. அவன் நெற்றி. அவன் கண். அவன் மூக்கு. அதன் உதடுகள் மூடியிருந்தன. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி, அசைவே இல்லாமல். பாட்டு மட்டும் நிற்கவில்லை. கூடம் முழுவதும் நிறைந்து உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவன் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். வாய் அகலத் திறந்திருந்தது. பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் அது குவிந்தது, விரிந்தது, மடங்கியது. இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்து அழுத்தினான். விரல்களுக்கு அடியில் அது அசைந்துகொண்டே இருந்தது.